தட்டு வைக்கும் இடம்

விலை குறைவு என்றால் மற்றவர்களுக்கு முகம் மலரும். கோகிலவாணிக்குப் புருவம் ஏறும். காய்கறிக்காரர் ஒரு கொத்து மல்லித்தழையைச் சும்மா போட்டால்கூட, தக்காளியில் எதையோ அமுக்கிவிட்டார் என்று வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, தானே ஒருமுறை தூக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். அவள் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் உண்மையாக இருந்துவிட்டது என்பதுதான் குடும்பத்தாரின் துரதிருஷ்டம். பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ வாயை அடைத்திருக்கலாம்.

அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு, காந்திபுரத்துக் கடை ஒன்றுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கப் போனார்கள், அவள் கணவர் நாச்சிமுத்துவும் மகள் மகிழினியும்.

மெஷின் ஆடம்பரத்துக்கு அல்ல. நாச்சிமுத்து சூலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். கார்களும் ஆட்டோக்களும் தாமே ஓடப் பழகிவிட்ட காலம்தான் அது. ஆனால் கூட்டமாக ஆட்கள் ஏறும் பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடிக்க மனிதக் கை இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னதால் அவருடைய வேலை பிழைத்திருந்தது. ராத்திரி ஓட்டுகிறவர் பகலில் தூங்க வேண்டும். சரவணம்பட்டியில் அவர்கள் குடியிருந்த வீட்டிலோ சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்தது சுவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பலகை. கொஞ்ச நாளாகக் கோகிலவாணியின் கையிலிருந்து பாத்திரங்கள் வேறு நழுவி விழுந்துகொண்டிருந்தன. குக்கர் மூடி ஒருமுறை விழுந்தால், பிறகு அவருக்கு அன்றைய தூக்கம் அவ்வளவுதான்.

"மத்த மெஷினுக்கெல்லாம் யானை வெலை சொல்றீங்க. இது மட்டும் எப்படிங்க பாதி வெலைக்கு வருது?" என்று கடைக்காரப் பையனைக் கேட்டாள்.

"நம்மூர்லயே பண்றதுங்க அக்கா. கணபதியில பட்டறை. கப்பல் கூலி கெடையாது, வரி கெடையாது."

"கிரைண்டரும் நம்மூர்லதான் பண்றீங்க. அதை யாரும் பாதி வெலைக்குக் குடுத்து நான் பாக்கலையே."

நாச்சிமுத்து எங்கோ இருந்த மின்விசிறியைப் பார்த்தார். இது முடியச் சாயங்காலம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

பையன் பேச்சை மாற்றி, ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினிடம் அவளை அழைத்துப்போனான். பெயர் 'அமைதி'. காதை வைத்துக் கேட்கச் சொன்னான். கோகிலவாணி காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஓடவே இல்லாத மெஷினைக் காட்டி ஏமாற்றுகிறான் என்று முடிவுகட்டி, சட்டென்று கதவைத் திறந்துவிட்டாள். சோப்புத் தண்ணீர் அவள் புடவையிலும் பையனின் பாண்ட்டிலும் தெறித்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மத்த மெஷினெல்லாம் தண்ணிய வாரி அடிக்குமுங்க," என்றான் பையன், காலை உதறிக்கொண்டே. "இது மெல்ல ஓட விடும். தண்ணியைப் படிக்கோணுமில்லீங்க. வேகமா அடிச்சா கலங்கிப் போகும்."

"தண்ணியில என்ன படிக்கறதுக்கு இருக்குது?"

"எவ்வளவு எண்ணெய், எவ்வளவு புளிக்கறைன்னு பாக்குமுங்க. அதுக்குத் தக்கன சோப்பு போடும்."

"படிச்சதை யாருகிட்டப் போயிச் சொல்லும்?"

பையன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது. "கம்பெனிக்குத்தானுங்க அக்கா. சர்வீஸுக்கு."

அந்த ஒரு நொடியைக் கோகிலவாணி பத்திரப்படுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் நாச்சிமுத்து நின்றவாக்கிலேயே ஒரு கொட்டாவி விட்டார். கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன. ராத்திரி இந்தக் கண்களை நம்பித்தான் ஒரு பஸ் ஆட்கள் தூங்கிக்கொண்டு போவார்கள். மெஷின் வீட்டுக்கு வந்தது.

மாட்ட வந்தவர் மேலடுக்கை இழுத்துக் காட்டினார். தட்டு செருகுவதற்கென்று வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் போனில் ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாம். யார் தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் விழுகிறது என்று மெஷின் சொல்லுமாம், வீண் குறையுமாம்.

"வீட்டுல எத்தனை தட்டுங்க பொழங்கறது?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க. அப்பாவுது ஒண்ணு, என்னுது ஒண்ணு," என்றாள் மகிழினி. பி.காம் இரண்டாம் வருடம். போனில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலே 'சம்மதம்' அழுத்துகிற வயது. முதல் பள்ளம் நாச்சிமுத்து, இரண்டாம் பள்ளம் மகிழினி. மற்றவை கிண்ணங்களுக்கு.

அந்தப் பதிலில் ஏதோ குறைகிறது என்று அங்கே நின்றிருந்த யாருக்கும் தோன்றவில்லை. எதையும் மூன்று முறை கேட்கிற கோகிலவாணிக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அது சரியான பதில். நாச்சிமுத்து சாப்பிட்டு எழுந்ததும், அதே தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு உட்காருவது அவள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். புருஷனின் எச்சில் புண்ணியம் என்று நம்புகிற ரகம் அல்ல அவள். யாராவது அப்படிச் சொன்னால் அடிக்க வருவாள். ஒரு தட்டு குறைவாகக் கழுவலாம் என்ற ஒரே கணக்குதான். மெஷின் வந்த பிறகு அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. ஆனால் கை பழகிவிட்டது.

மெஷின் சொன்னபடி ஊமையாக வேலை செய்தது. நாச்சிமுத்து பகலெல்லாம் குறட்டை விட்டார். கோகிலவாணிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சத்தம் போட்டு வேலை செய்கிறவர்களிடம் அவளுக்குப் பயமில்லை. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளைத்தான் எப்போதும் ஒரு கண் வைத்துக்கொள்வாள். மெஷினையும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில், பஸ் கம்பெனியின் நலப் பிரிவிலிருந்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூட்டப்போகிறார்கள் என்று அவர் நினைத்தார். என்னவோ வில்லங்கம் என்று இவள் நினைத்தாள். கூடவே கிளம்பிப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் சிறு வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். "உங்க எச்சில்ல ஒரு மாத்தம் தெரியுதுங்கய்யா," என்றார்.

"நான் உங்ககிட்டத் துப்பவே இல்லீங்களே," என்றார் நாச்சிமுத்து.

"உங்க வீட்டு மெஷின்லருந்து வருதுங்க. தட்டு கழுவற தண்ணியில எச்சில் இருக்குமில்லீங்களா, அதை வெச்சு."

கோகிலவாணிக்குக் கடைப் பையனின் அந்தத் தாமதச் சிரிப்பு சட்டென்று விளங்கியது. "எங்க வீட்டு எச்சிலை நீங்க எப்படிங்க படிக்கலாம்?" என்றாள்.

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்கம்மா. அதனாலதான் மெஷின் அந்த வெலைக்கு வருது. படிச்சதை இன்சூரன்ஸ்காரங்க வாங்கறாங்க. டிரைவர்னா எங்களுக்கும் வரும்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். இது நரம்பு நோய். விரல்களில் ஆரம்பித்து மெல்ல மெல்ல உடம்பின் பிடியைத் தளர்த்திவிடும். ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது. அதிலெல்லாம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். எச்சிலில் மட்டும் முன்னாலேயே ஒரு சாயல் விழும். அதுவும் ஒரு நாள் துப்பினால் கண்டுபிடிக்க முடியாது, மாதக்கணக்கில் தினமும் பார்த்தால்தான் பிடிபடும்.

"பயப்பட வேண்டாமுங்கய்யா. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா நோய் இருக்கற எடத்துலயே நின்னுரும். தொழிலாளிக்கு மாத்திரை பூராவும் திட்டத்துலயே வரும். அனுமதி வந்ததும் மாசாமாசம் வீட்டுக்கே அனுப்புவாங்க. ஆனா பஸ் மட்டும் இனி குடுக்க முடியாதுங்க. டிப்போ கேட்ல வேலை போட்டிருக்குது."

வெளியே வந்ததும் கோகிலவாணிதான் பொரிந்து தள்ளினாள். "ஆளைக் குறைக்க வழி தேடியிருக்கானுக. நோவாவது மண்ணாவது. உங்க கை எங்க நடுங்குது? காட்டுங்க பாக்கலாம்."

அவர் காட்டினார். நடுங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டு பேரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அந்தக் கைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாச்சிமுத்து சட்டைப் பொத்தானை மாட்டும்போது மகிழினி பார்த்தாள். அவர் சாதம் பிசைவதைக் கோகிலவாணி பார்த்தாள். அவரே பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்தார். கேட் வேலையில் கையால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்தபடி இன்னும் பார்த்தார். அவர் ஓட்டிய பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவதை எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்காருவாராம். டிப்போவில் யாரோ சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

ஒருநாள் டீ டம்ளரை எடுக்கும்போது அந்தக் கை நடுங்கியே விட்டது. நோயில் நடுங்கியதா, பயத்தில் நடுங்கியதா என்று அந்தக் கைக்கே தெரிந்திருக்காது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர் சொன்னது நெசந்தான் கோகிலா," என்றார். அவளுக்கு மெஷினை அடித்து நொறுக்கலாம் போல இருந்தது. ஆனால் அதற்குள்ளும் அவள் புத்தி சும்மா இருக்கவில்லை. எங்கோ ஏதோ இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இடித்தது எது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது. சாப்பாடு முடிந்து, நலப் பிரிவிலிருந்து போனுக்கு வந்திருந்த அறிவுரையை மகிழினி படித்தாள். படித்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்பா, நீங்க ஒவ்வொரு வேளையும் ரெண்டு தடவை சாப்புடறீங்களாம். ஒருக்கா சாப்புட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அதே தட்டுல மறுபடியும் சாப்புடறீங்களாம். ஒடம்புக்கு ஆகாது, கொறைச்சுக்கோங்கன்னு போட்டிருக்குது."

"ரெண்டாவது சோறு வாங்கறதுக்கே நான் யோசிப்பேன். இவனுகளுக்கு எப்படித் தெரியுமாம்?"

"காஞ்ச எச்சிலுக்கு மேல புது எச்சில் இருக்குதாம்."

கோகிலவாணி அப்போது அவர் தட்டில்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. அவளுடைய சந்தேகம் ஊரையெல்லாம் சுற்றியது. கடைக்காரனை, கம்பெனியை, டாக்டரை, கடைசியில் கட்டின புருஷனின் கையைக்கூடச் சந்தேகப்பட்டது. ஒருமுறைகூடத் தன் பக்கம் திரும்பியதில்லை. நழுவிய குக்கர் மூடி ஞாபகம் வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணாடியைக் குறை சொன்னது ஞாபகம் வந்தது. சோப்பு வழுக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"அது நானு," என்றாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ரெண்டாவது தடவை சாப்புடறது நானு. அது என்ற எச்சில்."

மகிழினிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீ அப்பா தட்டுலயாம்மா சாப்புடறே?"

"இத்தனை வருஷமா நான் எதுல சாப்புடறேன்னு நெனச்சே?"

மகிழினி எதையுமே நினைத்திருக்கவில்லை. அம்மா சாப்பிடுவாள் என்று தெரியும். எதில் என்று பார்த்ததில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுத அழுகையில் பாதி அம்மாவின் நோய்க்காக, பாதி வெட்கத்தால்.

மறுநாள் மூன்று பேரும் அவினாசி ரோட்டில் இருந்த 'அமைதி' கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். புகார் மேசையில் பெனிட்டா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கோகிலவாணி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கணினியில் தேடினாள். தேடியவளின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"உங்க பேரு என்னங்கக்கா சொன்னீங்க?"

"கோகிலவாணி."

"அந்தப் பேரு இருக்குதுங்க. ஆனா ஆளா இல்லீங்க." பெனிட்டா தயங்கினாள். "பாத்திரம் எவர்சில்வரா, அலுமினியமா, எந்தக் கம்பெனின்னு பாக்கறதுக்கு மெஷினுக்குள்ள ஒரு கண்ணு இருக்குதுங்க. உங்க வீட்டுப் பாத்திரம் எல்லாத்துலயும் அந்தப் பேரு வெட்டியிருக்குதுங்களா?"

"எங்கம்மா சீர்ல குடுத்தது. கரண்டியில இருந்து அண்டா வரைக்கும் வெட்டிக் குடுத்தாங்க."

"மெஷின் அதைக் கம்பெனி பேருன்னு எடுத்துக்கிச்சுங்க. உங்க வீட்டுல ரெண்டு பேரு, பாத்திரம் பூராவும் கோகிலவாணி கம்பெனின்னு இருக்குது."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கோகிலவாணிக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"தனித்தனியாப் பாத்தரலாமுங்க சார். அக்காவுக்குப் புதுசா ஒரு தட்டு, மூணாவது பள்ளம். உங்களுது மொதல் பள்ளத்துலயே இருக்கட்டும். ஒரு மாசம் யாரும் யாரு தட்டுலயும் சாப்புடக் கூடாது. சாயல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாச்சு, இனி எந்தப் பள்ளத்துல வருதுன்னு மட்டும் பாக்கறதுக்கு ஒரு மாசம் போதுமுங்க. உங்களுது சுத்தமா வந்துச்சுன்னா பஸ்ஸு திரும்பக் கெடைச்சுரும்."

"அவளுதுல வந்துச்சுன்னா?"

"அக்காவுக்கு வைத்தியம் ஆரம்பிக்கோணும்."

"அந்த மாத்திரை இவளுக்கும் என்ற திட்டத்துல வருமுங்களா?"

பெனிட்டா திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "தொழிலாளிக்கு மட்டுந்தானுங்க சார். குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும், இந்த மாத்திரை வராது. வெளியில வாங்கறதுன்னா... ஒரு வீட்டுச் சம்பளம் பூராவும் அதுக்கே போயிருமுங்க. வருசா வருசம் சாப்புட வேண்டியது வேற."

"சாப்புடாம விட்டா?"

"கையில ஆரம்பிக்கும். அப்புறம் நடை. அப்புறம் முழுங்கறதுக்கே செரமப்படுவாங்க."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். வரும் வழியில் பாத்திரக்கடையில் இறங்கி, தன் தட்டைப் போலவே ஒரு தட்டை அவரே பார்த்து வாங்கினார். பெயர் வெட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்றார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கோகிலவாணி தனக்கென்று ஒரு தட்டில் சாப்பிட்டாள். முதல் நாள் விருந்தாளி வீட்டில் சாப்பிடுவது போல இருந்தது. அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: நோய் தன்னுடையதாகவே இருக்கட்டும், அவருக்குப் பஸ் திரும்பக் கிடைக்கட்டும். மாத்திரையை யோசிக்க அவள் துணியவில்லை. இரவில் கை மரத்துப்போனால், மரத்துப்போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. நாச்சிமுத்து மெஷினில் பாத்திரம் அடுக்க ஆரம்பித்தார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தாலே பெரிய உதவி என்று நினைக்கிற மனிதர், இப்போது அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று தட்டை வாங்கிக்கொண்டு போனார். "நீ உக்காரு, கை நழுவிக் கீழ போட்டுருவே," என்றார். வேறு சமயமாக இருந்தால் கோகிலவாணி இதை ஒரு வாரம் துருவியிருப்பாள். இப்போது, பாவம், மனுஷன் இரக்கப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மாதம் முடிந்து பெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. மகிழினி காலேஜுக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்து வெளியே பால் வாங்கப் போயிருந்தார்.

"உங்க பள்ளம் சுத்தமா இருக்குதுங்கக்கா. உங்களுக்கு ஒண்ணுமில்லை. அது சாருதுதான்."

கோகிலவாணிக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த மகிழ்ச்சிக்காக உடனே தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுத்த மூச்சில், தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய பழைய புத்தி விழித்துக்கொண்டது. காலையில்கூடத் தேங்காய்ச் சில்லைக் கீழே போட்டவள் அவள்தானே? பஸ் போன துக்கம் பழகிய பிறகு, அவர் கை ஒருநாளாவது நடுங்கியதா?

"செரிங்க. சாயங்காலம் பேசறேனுங்க," என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து வழக்கம்போல அவள் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கோகிலவாணி சத்தமில்லாமல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். அவர் மேலடுக்கை இழுத்தார். அவள் தட்டை முதல் பள்ளத்தில் செருகினார். தன் தட்டை மூன்றாவதில் செருகினார். தடுமாற்றமே இல்லை. தினமும் பஸ்ஸை அதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவரைப் போல, பார்க்காமலே செய்தார்.

"இடம் மாறியிருக்குதுங்க," என்றாள்.

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"எத்தனை நாளா?"

"தட்டு வாங்கின அன்னைக்கிருந்து."

"உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? அடுத்த வாரம் பஸ்ஸுல ஏறியிருப்பீங்க. கேட்ல உக்காந்து போற வர்ற வண்டியப் பாக்கறதுக்கா இப்படிப் பண்ணீங்க?"

"பஸ்ஸை வேற ஆளு ஓட்டிக்குவான் கோகிலா. உனக்கு மாத்திரை வேற ஆளு வாங்கித் தருவானா?"

அவளுக்குக் கோபம் வந்தது. தன்னைக் கேட்காமல் தன் உயிருக்கு விலை பேசியிருக்கிறாரே என்று வந்த கோபம். "பொய்யி இது. நாலு பேரை ஏமாத்தி வாங்கற மாத்திரை எனக்கு வேண்டாம். நான் அந்தப் புள்ளைகிட்ட உண்மையச் சொல்லிருவேன்."

"சொல்லு. சொல்லீட்டு அப்புறம்? நான் பஸ்ஸு ஓட்டோணும். நீ இங்க கரண்டியப் புடிக்க முடியாம உக்காந்திருக்கோணும். அதை நெனச்சுட்டே நான் ராத்திரியில ஆளுகளை ஏத்திட்டுப் போகோணும். அதுக்கு இது மேல்." அவர் இப்போதுதான் திரும்பினார். "எங்கிட்டக் கேட்டா அந்த மெஷினு என்ற எச்சிலைப் படிச்சுது? அதுக்கு நான் எதுக்கு நெசம் சொல்லோணும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. கோகிலவாணி பல வருடங்களாக இந்த மனிதரின் சம்பளத்தை, பீடியை, சீட்டுக் கட்டிய இடத்தை, தாமதமாக வந்த நாட்களை எல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறாள். அத்தனையும் அப்போது ஒன்றாக நினைவுக்கு வந்தது. அவளால் அழ மட்டுமே முடிந்தது.

சாயங்காலம் பெனிட்டாவே மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, இதை முடிச்சு அனுப்போணுமுங்க. அனுப்பீட்டா சாருக்கு அடுத்த மாசத்துல இருந்து மாத்திரை வந்துரும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும், அது முறை. இந்த முடிவுல உங்களுக்கு ஏதாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"

கோகிலவாணி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றாள். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க."

பெனிட்டாவின் குரல் தணிந்து வந்தது.

"நல்லதுங்கக்கா. அனுப்பீடறேன். அப்புறம், உங்க வீட்டுல பெரிய குண்டா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குது. எதுக்குங்க?"

"இனிமே தட்டு அடுக்கறதுக்கு முன்னாடி அதை வலது பக்கம் முன்னால கவுத்து வெச்சரச் சொல்லுங்க சார்கிட்ட. அங்கதானுங்க கண்ணு இருக்குது. பேரு வெட்டாத புதுத் தட்டு மொதல் பள்ளத்துல நிக்கறதை இந்த மாசம் நான் மட்டுந்தான் பாத்தேன். அடுத்த மாசம் வேற யாராச்சும் பாப்பாங்க."